ஏழாம் உருளையின் சக்கரம்

அவள் புருஷன் வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே அவருடைய பை வந்து சேர்ந்துவிட்டது. அவளுடைய தம்பிதான் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் நின்றபடியே, மாமாவோட பை என்று சொல்லி உள்ளே நீட்டிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் அதை அடுப்படி மூலையில் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு பை அங்கேயே கிடந்தது. எண்ணெய் நாற்றமும் கரி நாற்றமும் வீடெல்லாம் அடித்தும் அவள் அதைத் தொடவில்லை. தொட்டுப் பழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பையில் கை வைக்க அவளுக்கு உத்தரவு கிடையாது.

அவள் புருஷனுக்குக் காகித மில்லில் வேலை. ஜாயிண்ட்டுக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். மில்லில் ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு உருளைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஈரக் காகிதம் அவற்றின்மேல் ஏறி இறங்கிக் காய்ந்துகொண்டே போகும். காய வைப்பது உருளைக்குள் இருக்கும் நீராவி. உருளையோ ஓயாமல் சுற்றுகிறது, பாய்லரிலிருந்து வருகிற குழாயோ அசையாமல் நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் ஒன்றாகப் பிடித்துவைத்து, ஆவி துளிகூட வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஜாயிண்ட். அதற்குள் ஒரு கறுப்புக் கார்பன் வளையம், அதை அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். வளையம் தேய்ந்தால் ஆவி சீறும். அத்தனை இயந்திர இரைச்சலிலும் எந்த உருளை சீறுகிறது என்று ஜாயிண்ட்டுக்காரர் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். வேலையில் மனுஷன் கெட்டிதான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. வாய்தான் பொல்லாத வாய்.

அந்த வாய் அவளுக்கு வைத்த பெயர் ஓட்டைப்பானை. அவளுக்குக் கொஞ்சம் மறதி உண்டு. குழம்பில் உப்பை மறப்பாள், காயப்போட்ட துணியை மழையில் விட்டுவிடுவாள். உலகத்தில் யாரும் செய்யாததில்லை. ஆனால் ஊர் ஒழுகலையெல்லாம் அடைக்கிறேன், என் வீட்டு ஓட்டைப்பானையை மட்டும் அடைக்க முடியவில்லை என்று மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொல்ல, கேட்கிறவர்கள் டீ சிந்தச் சிரிப்பார்கள். ஒருமுறை சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டாள். ஷிப்டு முடிந்து வந்தவர் பூட்டை உடைத்தார். மறுநாள் குழாய்க்குச் சுற்றுகிற தடித்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் சாவியைக் கோத்து, அவள் கழுத்தில் கட்டினார். குழாய் மாட்டுகிற மில் பிட்டர்கள் போடுகிற முடிச்சு, அவரைத் தவிர யாரும் அவிழ்க்க முடியாது. அதோடு அவள் குழாயடிக்குப் போனாள், கடைக்குப் போனாள். மாட்டுக்கு மணி கட்டினாற்போல இருக்கிறதே என்று பெண்கள் கேட்டார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. கயிறு அழுக்கேறிக் கறுத்து, இன்னும் அவள் கழுத்தில்தான் கிடந்தது.

அவள் தம்பியும் அதே மில்தான். ஆவி வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலை. அவனை அங்கே சேர்த்துவிட்டது ஜாயிண்ட்டுக்காரர்தான். சேர்த்துவிட்ட தோஷத்துக்கு அவனுக்கும் ஒரு பெயர் வைத்தார், ஈரச்சாக்கு. தூக்கினாலும் நிற்காது, போட்டாலும் சத்தம் வராது என்று விளக்கமும் சொல்வார்.

ஜாயிண்ட்டைப் பிரிக்கும்போது அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த உருளைக்கு ஆவி போகிற வால்வை மூடி, வால்வின் தலையில் இருக்கும் சக்கரத்தைக் கழற்றி, பிரிக்கிறவன் தன்னோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவனே கொண்டுவந்து மாட்டுவான். அதன்பிறகுதான் ஆவி. சக்கரம் இல்லாமல் மொட்டையாக நிற்கிற வால்வைப் பார்த்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். உருளைக்குப் பக்கத்தில் ஒருத்தன் உயிர் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அப்படியிருந்தும் ஏழாம் உருளையின் ஜாயிண்ட் பிரிந்து கிடந்தபோது ஆவி வந்தது. ஜாயிண்ட்டுக்காரர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், பழைய வளையம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்துவதற்குக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு கண்களும் போய்விட்டன, கழுத்துவரையும் கைகளிலும் தோல் வெந்துவிட்டது. கண்ணைப் பற்றி இனிமேல் பேசவேண்டாம் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வாய் மட்டும் பிழைத்தது. உதடு வீக்கம் வற்றிப் பேச்சு வந்ததும் அவர் முதலில் கேட்டது பையைத்தான்.

"பை எங்க? எங்கயாவது மறந்து போட்டுட்டியா?"

"வீட்லதான் இருக்கு."

"உள்ள சக்கரம் இருக்கும். பெயிண்ட்ல ஏழுன்னு எழுதியிருக்கும். நான் கழட்டிப் பையில போட்டேன். எவனோ சக்கரம் இல்லாமயே தொறந்திருக்கான். விசாரணைக்கு ஆபீசர் வருவாரு, அவரு கையில அதக் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்காத." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இத ஒண்ணயாவது மறக்காம செய், ஓட்டைப்பானை," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவன் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டான். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வெந்து கிடக்கிற மனுஷன் மேல் கோபப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்தாள். ஸ்பானர்கள், சுரண்டி, கார்பன் வளையங்கள் வைத்த தகர டப்பா, கந்தல் துணி. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, சக்கரம் இருந்தது. வெள்ளைப் பெயிண்ட்டில் ஏழு. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அப்படியானால் திறந்தவன் யார்? வால்வைத் திறக்கிற வேலை யாருடையது என்று அவளுக்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாசலில் முகத்தைக் காட்டாமல் போனானே, அது ஏன் என்று அப்போது விளங்கிற்று.

அன்று மதியமே தம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். சக்கரம் தரையில் கிடந்ததை இருவரும் பார்த்தார்கள். அம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"நீதானாடா?" என்று அவள் கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். காகிதம் நின்றுபோய் சூப்பர்வைசர் ஒரு பக்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எட்டாம் உருளையில் வேலை செய்தவன் முடிந்துவிட்டது என்று கையைக் காட்டினான். ஏழுக்கும் சேர்த்துத்தான் காட்டுகிறான் என்று இவன் நினைத்துக்கொண்டான். போய்ப் பார்த்தால் வால்வில் சக்கரம் இல்லை. குழாய் திருகுகிற பைப் ரிஞ்சை மொட்டைத் தண்டில் போட்டுத் திருகித் திறந்துவிட்டான்.

"சக்கரம் இல்லன்னா பக்கத்துல ஆள் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அவருகிட்டப் போய்க் கேட்டிருக்கணும். கேட்டா, 'ஈரச்சாக்கு, கண்ண எங்கடா வச்சிருக்க'ன்னு எல்லார் முன்னாடியும் ஆரம்பிப்பாரு. அன்னிக்குக் காலையிலதான் ஒரு தடவ வாங்கியிருந்தேன். இன்னொரு தடவ வாங்க முடியலக்கா. முடிச்சுட்டு சக்கரத்த எங்கயாவது வச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்டியா?"

"நெனச்சுக்கணும்னு இருந்துச்சு."

அவள் அவனை அடித்தாள். தலையிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். அவன் நகராமல் நின்று வாங்கிக்கொண்டான். அம்மா தடுக்கவில்லை. அடிக்கிற கை ஓயும்வரை பொறுத்திருந்து, பிறகு பேச ஆரம்பித்தாள். விசாரணைக்காக அந்தப் பக்கத்தையே கயிறு கட்டி மறித்து வைத்திருக்கிறார்களாம், வால்வை இன்னும் யாரும் நின்று கவனிக்கவில்லையாம். வால்வுக்காரன் என்பதால் இவன் உள்ளே போகலாமாம். சக்கரம் அதன் இடத்தில் ஏறிவிட்டால் பிரித்தவன் கழற்றவே இல்லை என்றுதான் ஆகும்.

"அப்ப அவருதான் தப்புப் பண்ணினாருன்னு ஆயிடும்."

"ஆகட்டும். கண்ணு போனது போனதுதான். சக்கரத்தக் காட்டினா கண்ணு வந்துடுமா? மாப்பிள்ளை இனிமே வேலைக்குப் போகப் போறதில்ல. இவனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா உனக்கு யாரு சோறு போடுவா, எனக்கு யாரு போடுவா?"

"அந்த மனுஷன் வேலையில ஒரு தப்புப் பண்ணினதில்லம்மா. அவருக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளின் கழுத்துக் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். சாவி கீழே தொங்கி ஆடியது.

"அவன் பேரு போயிடும்னு நீ அழற. உனக்கு என்ன பேருடி வச்சான்?"

இத்தனை வருஷமாக அம்மா அந்தக் கயிற்றைப் பார்க்காதது போலத்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. தேவைப்பட்ட அன்றைக்கு எடுத்துப் பேசினாள். பெற்றவள் இவ்வளவு நாள் இதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாளே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வார்த்தை போய்க் குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டது. குழாயடிப் பெண்கள், டீக்கடைச் சிரிப்பு, கால் ஒடிந்தவனின் சிரிப்பு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மறதிக்காரிக்கு அவற்றில் ஒன்றுகூட மறக்கவில்லை.

சக்கரத்தை அவளேதான் கந்தல் துணியில் சுற்றினாள். தம்பியின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அவள் கட்டில் பக்கத்தில் நின்றாள். ஆபீசர் தன்மையாகத்தான் பேசினார். ஏழாம் உருளையின் சக்கரம் வால்விலேயே இருந்தது, நீங்கள் அதைக் கழற்றவில்லை போலிருக்கிறது, வால்வுக்காரர் சக்கரத்தைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று திறந்திருக்கிறார் என்றார். ஜாயிண்ட்டுக்காரர் சிரித்தார். கட்டுத் துணிக்குள்ளிருந்து சிரிப்பு மூச்சாக வந்தது.

"சக்கரம் என் பையில இருக்குது சார். இவ கொண்டாந்திருப்பா. எடுத்துக் காட்டு."

"பையில சக்கரம் இல்லைங்க," என்றாள்.

"நல்லாப் பாத்தியா?"

"கொட்டிப் பாத்துட்டேன்."

"உனக்குப் பாக்கத் தெரியாது. பையக் குடு."

அவள் பையைக் கட்டிலின் மேல் வைத்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரல்களால் உள்ளே துழாவினார். ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தடவிப் பக்கத்தில் வைத்தார். ஸ்பானரை அளவு சொல்லி வைத்தார். டப்பாவைக் குலுக்கி, உள்ளே இருக்கும் வளையங்களைச் சத்தத்திலேயே எண்ணினார். பை காலியானதும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார். தைத்த ஓரமெல்லாம் தடவினார். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் கழட்டினேன்," என்றார் ஜாயிண்ட்டுக்காரர். "வால்வ மூடினேன். நட்டக் கழட்டினேன். சக்கரத்த…" அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் காலையை அவர் உள்ளுக்குள் திரும்ப நடந்து பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. வாழ்நாளில் ஆயிரம் தடவை கழற்றியிருப்பார், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். இது அந்தக் காலையின் ஞாபகமா, வேறு ஏதோ ஒரு காலையின் ஞாபகமா என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

"ஏன்டி, நான் மறந்துட்டேனா?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வி அதுவரை வந்ததில்லை. அவளுக்குள் ஏதோ பொங்கி மேலே வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. அது சந்தோஷம். சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அது போகவில்லை, நெஞ்சில் இனிப்பாக உட்கார்ந்துகொண்டது.

"உயிர் பொழச்சீங்களே, அது போதும்," என்றாள். பார்க்கிறவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆபீசர்கூடத் தலையை ஆட்டினார்.

ஜாயிண்ட்டுக்காரரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. வேலை போயிற்று, நஷ்ட ஈடு இல்லை. மில்காரர்கள் இரக்கப்பட்டு அவளுக்குக் காகிதக் கழிவு கூட்டி அள்ளுகிற வேலை கொடுத்தார்கள். ஜாயிண்ட் வேலைக்கு ஆள் வேண்டுமே, தம்பியைப் போட்டார்கள். கூட இருந்து பார்த்தவன், மாமா செய்த தப்பை இவன் செய்யமாட்டான் என்று சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொன்னாராம்.

ஜாயிண்ட்டுக்காரர் வீட்டுக்கு வந்த பிறகு தம்பி பார்க்க வந்தான். வராமல் தட்டிக் கழித்துக்கொண்டுதான் இருந்தான், அம்மா பிடித்துத் தள்ளிவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே ஜாயிண்ட்டுக்காரர் ஆளைக் கண்டுகொண்டார். கட்டிலில் இருந்து இறங்கி, சுவரைப் பிடித்து நடந்து, அவன் எதிரில் வந்து நின்றார். கையை நீட்டித் தேடி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் மச்சான். என்னால உனக்குத்தான் கெட்ட பேரு வர இருந்துச்சு. சக்கரம் இருக்கறதப் பாத்துத்தான தொறந்த? உன்ன ஈரச்சாக்குன்னு சொல்லிச் சொல்லி… கடைசியில மறந்தது நானு. மன்னிச்சுக்கடா."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது சொல்லிவிடுவான், அழுதுகொண்டே காலில் விழுந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி நடந்துவிட்டால்கூட நல்லது என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

"விடுங்க மாமா," என்றான் தம்பி. "எல்லாருக்கும் வர்றதுதான். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

பிறகு உட்கார்ந்து டீ குடித்தான். டீ நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். போகும்போது ஜாயிண்ட்டுக்காரரின் பையை, இங்கே சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டு எடுத்துப் போனான். இரண்டொரு மாதத்தில் அவன் குரல் தடித்துவிட்டது. வால்வுக்குப் புதிதாக வந்தவனை அவன் ஏதோ பெயர் வைத்து அதட்டுவதை அவளே குப்பை அள்ளும்போது கேட்டாள்.

ஜாயிண்ட்டுக்காரர்தான் நாளுக்கு நாள் தேய்ந்தார். ஒரு சக்கரத்தை மறந்தவன் எதைத்தான் மறக்கமாட்டான் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. குழாயை மூடினேனா என்பார், எழுந்து போய்த் தடவிப் பார்ப்பார், வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் மூடினேனா என்பார். மாத்திரை போட்டேனா, சட்டையை மாற்றினேனா என்று எதையும் அவளைக் கேட்டுத்தான் நம்பினார். ஆரம்பத்தில் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒருநாள் கூட்டும்போது அவருடைய கைத்தடியை நகர்த்தி வைத்துவிட்டு மறந்துபோனாள். அவர் தேடித் தடுமாறியபோது, நீங்கள்தான் அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று அவள் வாயில் தானாக வந்துவிட்டது. அப்படியா என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அவளிடம் எந்தத் தப்பும் இல்லாமல் போயிற்று. வீட்டில் எது காணாமல் போனாலும் எது கருகினாலும் மறந்தவர் அவர்தான். ஓட்டைப்பானை என்ற பெயர் அவர் வாயில் வருவதே நின்றுவிட்டது.

வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவாள். கயிற்றைக் கழற்றச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கலாம், கண் இல்லாவிட்டாலும் அந்த முடிச்சை அவர் விரல் அவிழ்த்துவிடும். அவள் கேட்கவில்லை. சாவி கழுத்தில் இருப்பது இப்போது வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் மில்லில் காகிதம் அறுந்து அறுந்து விழுந்தது. மலை மலையாகக் கழிவு. மழையில் நனைந்துகொண்டு, இடுப்பு விட்டுப்போய், பசியோடு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். அவர் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"வந்துட்டியா? ஒண்ணு கேக்கணும். மத்தியானம் நான் சாப்பிட்டேனா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோற்றுப் பானை அலமாரியின் உச்சியில், எலிக்கு எட்டாமல் வைத்த இடத்திலேயே இருந்தது. காலையில் அவசரத்தில் தட்டில் போட்டு அவர் பக்கத்தில் வைக்க மறந்துவிட்டாள். மனுஷன் காலையிலிருந்து பட்டினி. அவளுக்கு உடம்பெல்லாம் பழைய பயம் ஓடிற்று. இதோ ஆரம்பிக்கப் போகிறார், தெருவே கேட்கக் கத்தப்போகிறார் என்று கழுத்துக் கயிற்றை அவளையறியாமல் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களே," என்றாள். "வச்சுட்டுப் போன தட்டு காலியாத்தான இருக்கு."

அவர் கத்தவில்லை. யோசித்தார். வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"பசிக்கிற மாதிரியே இருக்கு."

"அது அப்படித்தான் தோணும்."

"ஆமா. சாப்பிட்டிருப்பேன். மறந்துட்டேன்," என்றார். "நீ களைச்சு வந்திருப்ப. உக்காரு."

அவள் பானையை இறக்கினாள். மூடியைத் திறந்ததும் சோற்று வாசம் முகத்தில் அடித்தது. அவருக்கு ஒரு தட்டில் போடத்தான் கை போயிற்று. போட்டுக் கொடுத்தால், இப்போது ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் தேடவேண்டும். அவளுக்கு அலுப்பாக இருந்தது, பசியும் தாங்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பானையிலிருந்தே அள்ளித் தின்றாள். சத்தம் வராமல் மென்றாள்.

ஜாயிண்ட்டுக்காரர் அவள் பக்கம் காதைச் சாய்த்தார். இயந்திர இரைச்சலில் ஒரு வளையம் தேய்வதைக் கேட்ட காது அது.

"நீ ஏதாவது சாப்பிடுறியா?"

அவள் வாயில் இருந்ததை முழுங்கினாள்.

"இல்லியே," என்றாள்.

"இல்ல, சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, தன் காதை நம்பியதற்கு வெட்கப்பட்டவர் போல அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.